லைன் பிரச்சினை

2003 செப்டம்பர். எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு நூல் தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை மூங்கில்துறைப்பட்டிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறுவேன். நூலகத்தில் ஒரு மணி நேரம். அதன்பிறகு பேருந்து நிலையத்தின் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் இன்னொரு மணி நேரம். மணிக்கு இருபது ரூபாய். வாசலில் கிடந்த நோட்டில் பெயர், ஊர், நேரம் எழுத வேண்டும். நான் எழுதிய பெயர் என்னுடையது அல்ல. ஊரும் அல்ல.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் யாஹூ குழுமப் பக்கம் திறக்கவில்லை. மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "லைன் பிரச்சினைம்மா, வேற ஏதாவது பாருங்க" என்றார். வேறு எல்லாம் திறந்தது. மின்னஞ்சல் திறந்தது, செய்தித்தாள் திறந்தது. இது மட்டும் இல்லை. எனக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல, பயம். புனைபெயரில் சேர்ந்திருந்தது தெரிந்துவிட்டதோ? யாராவது புகார் சொல்லி என்னை நீக்கிவிட்டார்களோ? இரண்டு வாரம் அந்த சென்டர் பக்கமே போகவில்லை.

நடந்தது இதுதான். மேகாலயாவில் தடைசெய்யப்பட்ட ஹின்னியூட்ரெப் தேசிய விடுதலைக் கவுன்சிலோடு தொடர்புடையது என்று சொல்லப்பட்ட 'கின்ஹுன்' என்ற ஒரு சின்னக் குழுமத்தை மூட மத்திய அரசு விரும்பியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் உத்தரவு பிறந்தது. தொலைத்தொடர்புத் துறை அதை நாட்டின் இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பிவைத்தது. ஆனால் கின்ஹுன் என்பது தனி வீடு அல்ல, யாஹூ குழுமங்கள் என்ற பெரிய கட்டடத்தில் ஓர் அறை. அந்த ஓர் அறையை மட்டும் பூட்டும் வசதி அன்றைக்கு நிறுவனங்களிடம் இல்லை. கட்டடத்தின் முகவரியையே அடைத்தார்கள். மேகாலயாவில் ஒரு சிறு குழு பேசிக்கொண்டதற்காக, இந்தியாவில் புற்றுநோயாளிகளின் குழுமம், பழைய மாணவர் குழுமம், பறவை பார்ப்பவர்களின் குழுமம், தமிழ்க் குழுமங்கள் எல்லாவற்றின் வாசலிலும் பூட்டு விழுந்தது.

எங்கும் அறிவிப்பு இல்லை. 'இந்தப் பக்கம் அரசு உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால், திருவண்ணாமலையில் ஒரு பெண் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள். சொல்லாமல் செய்யும் தணிக்கைக்கு இப்படியொரு வசதி உண்டு. தணிக்கை செய்யப்பட்டவள் காரணத்தைத் தனக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிடுகிறாள். பெண்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே நன்றாகப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு விவரமும் இருக்கிறது. அடைக்கப்பட்டது இணையப் பக்கம்தான். குழும மடல்களைத் தன் அஞ்சல் பெட்டிக்கே வரவழைத்துக்கொள்ள வழி இருந்தது. அது வேறு பாதை. வீட்டிலோ அலுவலகத்திலோ தனக்கென்று கணினி வைத்திருந்தவர்களுக்கு அது சௌகரியம். நாளுக்கு எண்பது மடல் வரும் பெட்டியை வாரம் ஒரு மணி நேரம் கடன் கணினியில் திறப்பவள் என்ன செய்வாள்? பக்கத்துக்குப் போய் வாசிப்பதுதான் ஒரே வழி. ஒரே தடை எல்லார் மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை என்பதை நான் கோட்பாட்டு நூல்களில் படிப்பதற்கு முன்பே இப்படித் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குழுமங்களில் அப்படி என்ன இருந்தது என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகளில் பேசுகிற இடங்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். திண்ணை. மரத்தடி. ராயர் காப்பி கிளப். மூன்றும் எங்கள் ஊரில் ஆண்கள் உட்காரும் இடங்கள். திண்ணையில் தாத்தா, மரத்தடியில் பஞ்சாயத்து, காப்பி கிளப்பில் கரும்பு விலை. எங்கள் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரைவைக் காலத்தில் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. அந்த பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆணின் பொழுதுபோக்கு வெளிக்கு ஏங்கி, அயல்நாட்டில் இருந்தபடி ஆண்கள் வைத்த பெயர்கள் என்றே அவை எனக்குத் தோன்றுகின்றன. மின்னஞ்சல் வழிப் பேச்சுக்கு அவர்கள் உண்டாக்கிய சொல்கூட மடலாடற்குழு. மடலேறும் உரிமை பெண்ணுக்கு இல்லை என்று தொல்காப்பியம் விதித்திருப்பது தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வரும். அது வேறு மடல், தெரியும். இருந்தாலும் நினைவு வரத்தான் செய்கிறது.

ஆனால் அந்தத் திண்ணைகளில் பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். விமர்சகர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். கணவரின் வேலைக்காக அயல்நாடு போய் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தவர்கள், சிங்கப்பூரிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் இருந்தவர்கள், எழுதிப் பழக்கமே இல்லாதவர்கள். வத்தக்குழம்பில் ஆரம்பித்த மடல் மாமியார் இறந்த இரவில் போய் முடியும். ஒருத்தி கருக்கலைந்ததை எழுதுவாள். அதற்குக் கீழே நான்கு பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுவார்கள். நடுவில் ஒரு ஐயா வந்து, 'கலைதல்' சரியா 'சிதைதல்' சரியா என்று சந்தேகம் கிளப்புவார். இதையெல்லாம் இலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. அதில் பாதி அரட்டை. ஆனால் கடிதம், நாட்குறிப்பு, வாய்மொழி ஆகியவற்றிலிருந்து பெண் எழுத்தின் வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிற நாம், தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகக் கூட்டமாக, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டு எழுதிய அந்த ஆயிரக்கணக்கான மடல்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இணையத் தமிழ் வரலாறு என்று வருகிற நூல்களைப் புரட்டினால் எழுத்துரு, குறியேற்றம், மாநாடு, மென்பொருள் என்று போகின்றன. யார் என்ன பேசினார்கள் என்பது அவற்றில் இல்லை.

நான் அங்கே போய்க்கொண்டிருந்த காலம் எது என்பதையும் சொல்ல வேண்டும். குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002இல் வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தத் தலைப்பையும், சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் உடலைப் பற்றி எழுதியதையும் வைத்து நடந்த வசை எல்லாருக்கும் தெரிந்ததே. திரைப்பாட்டு எழுதியவர்கள் சிலர் அந்தக் கவிஞர்களுக்குத் தண்டனையே பரிந்துரைத்தார்கள். நான் படித்த இடத்தில் அந்த நூலை மேசைமேல் வைக்க முடியாது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறப்பாட்டையும், மதுரையைக் கண்ணகி எரித்த இடத்தையும் வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்வார்கள். அதே சொல் உயிரோடிருக்கும் பெண்ணின் அட்டையில் வந்ததும் அது ஆபாசமாகிவிட்டது. இதைப் பற்றி நான் வாய்திறந்து பேசிய ஒரே இடம் அந்தக் குழுமம்தான், அதுவும் இன்னொருத்தியின் பெயரில். அப்படியிருக்க, அந்தப் பக்கம் திறக்காத நாளில் பயம் வந்ததற்கு நான் மட்டுமா காரணம்?

ஒரு கதவைச் சாத்தச் சொன்னால் தெருவையே சாத்துவது இந்திய நிறுவனங்களின் கண்டுபிடிப்பு அல்ல. கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இணையத்தில் பக்கங்கள் வருவதற்கு முன்பே யூஸ்நெட் என்ற விவாத அமைப்பு இருந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 1979இல் திட்டமிட்டுத் தொடங்கியது. ஒரே தலைவாசல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பக்கத்து நிறுவனத்தோடு பரிமாறிக்கொள்ளும். சந்தாதாரர் தன் இணையச் சேவை நிறுவனத்தின் பிரதியைத்தான் வாசிப்பார். தமிழருக்கும் அதில் 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்று ஒரு செய்திக்குழு இருந்தது. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் சண்டை.

1995 டிசம்பரில் ஜெர்மனியின் பவேரியா மாநில அதிகாரிகள் ஆபாசம் குறித்து விசாரித்தபோது, கம்ப்யூசெர்வ் நிறுவனம் ஏறத்தாழ 200 செய்திக்குழுக்களை நிறுத்தியது. ஜெர்மானியருக்கு மட்டும் நிறுத்தத் தெரியவில்லை. ஆகவே உலகம் முழுவதும் இருந்த தன் சந்தாதாரர்கள் எல்லாருக்கும் நிறுத்தியது. தன்பாலின ஈர்ப்பாளர்களின் குழுக்களும் அதில் போயின. பல குழுக்கள் பின்னால் திரும்பி வந்தன. ஆனால் நிறுவனத்தின் ஜெர்மன் கிளைத் தலைவர் ஃபெலிக்ஸ் சோம் 1998இல் தண்டிக்கப்பட்டு, 1999இல்தான் விடுவிக்கப்பட்டார். இந்த வழக்கு உலகெங்கும் உள்ள நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். திறந்து வைத்தால் சிறை வரலாம், மூடி வைத்தால் ஒன்றும் வராது.

அதே ஆண்டுக் கடைசியில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் ஒரு சொல்லைத் தடுத்தது. மார்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். சந்தாதாரர்கள் தங்களைப் பற்றி எழுதும் அறிமுகக் குறிப்பில் அது வரக்கூடாது, அது கொச்சை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் தங்களை அப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள முடியாமல் போயிற்று. அவர்கள் கூச்சல் போட்ட பிறகு நிறுவனம் பின்வாங்கியது. இந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது சிரித்தேன். ஏழு வருடம் கழித்துச் சென்னையில் நடந்ததும் இதுதானே. அங்கே இயந்திரம் செய்ததை இங்கே பாட்டெழுதுகிறவர்கள் செய்தார்கள். சொல்லின்மேல் ஆணின் பார்வை ஏற்றிய ஆபாசத்தைச் சொல்லின் குற்றமாக்கி, அந்த உறுப்பை உடைய பெண்ணிடமிருந்தே பறித்துக்கொள்வது.

2008தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ, யூஸ்நெட்டில் குழந்தைகள்மீதான பாலியல் வன்முறைப் படங்கள் பரவுவதை விசாரித்தார். அவருடைய அலுவலகம் அப்படிப்பட்ட படங்களைக் கண்டது 88 செய்திக்குழுக்களில். அந்தப் படங்கள் நீக்கப்பட வேண்டியவை, அதில் எந்தப் பெண்ணியவாதிக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. அந்த ஜூன் மாதம் நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு வந்தன. வெரைசான் அந்த 88ஐ நீக்கவில்லை. 'ஆல்ட்' என்ற மாற்றுப் பிரிவு முழுவதையும், ஆயிரக்கணக்கான குழுக்களையும் சேர்த்து, எடுத்துவிட்டது. டைம் வார்னர் கேபிள் யூஸ்நெட் சேவையையே நிறுத்தியது. யூஸ்நெட் அப்போதே வாசகர்களை இழந்துகொண்டிருந்தது, அதைப் பராமரிக்கச் செலவு. குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செலவையும் மிச்சப்படுத்த ஒரு வாய்ப்பு.

அந்த 'ஆல்ட்' பிரிவில் 'ஆல்ட்.செக்ஷுவல்.அப்யூஸ்.ரெகவரி' என்று ஒரு குழு இருந்தது. குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், வளர்ந்த பிறகு, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வைத்துக்கொண்ட இடம். தொண்ணூறுகளில் அவர்களில் பலர் பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியுஸ் நடத்திய பெயர் மறைக்கும் அஞ்சல் சேவை வழியாக எழுதினார்கள். அதுவும் 1996இல் வழக்கு நெருக்கடியால் மூடப்பட்டது. குழந்தைகளின் பெயரால் ஒரு பிரிவை மூடியபோது, அந்தக் குழந்தைகளே பெரியவர்களாகி வந்து பேசிய இடமும் அதோடு போயிற்று. வேறு நிறுவனத்துக்குச் சந்தா கட்டினால் அந்தக் குழுவை வாசிக்கலாம் என்றார்கள். உண்மைதான். கணவரின் கிரெடிட் கார்டில் சந்தா கட்டி, கணவருக்குத் தெரியாமல், எந்தப் பெண் அந்தக் குழுவை வாசிப்பாள்?

இதைப் படித்தபோது எங்கள் ஊர் துறை நினைவுக்கு வந்தது. மூங்கில்துறைப்பட்டு என்ற பெயரிலேயே துறை இருக்கிறது. தென்பெண்ணையில் தண்ணீர் ஓடும் காலத்தில் பெண்கள் துணி துவைக்கப் போகும் இடம். துவைப்பது கொஞ்சம், பேசுவது நிறைய. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கரையில் நின்று பெண்களைப் பார்த்து அசிங்கமாகப் பேசிய ஒருவனைப் பற்றிப் புகார் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவன் யார் என்று ஊருக்கே தெரியும். முடிவு என்ன தெரியுமா? வயசுப் பெண்கள் இனி துறைக்குப் போகக்கூடாது. எங்கள் பாதுகாப்புக்காக. அவன் அதன்பிறகும் கரையில்தான் பீடி குடித்துக்கொண்டிருந்தான். என் அக்காவுக்கும் அவள் தோழிகளுக்கும் ஊருக்குள் சேர்ந்து பேச இருந்த ஒரே இடம் போயிற்று. அம்மா வீட்டிலேயே துவைகல் போட்டுக் கொடுத்தாள், வசதிதானே என்றாள்.

இங்கே நான் என்னையே மறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீக்கு என்று நாமும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு அன்றும் முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்துப்போட்டு 'ஏலம்' விட்ட செயலிகள் வந்தபோது, பேச்சுச் சுதந்திரம் என்று நான் சும்மா இருந்தேனா? இல்லை. முன்னாள் காதலன் வெளியிட்ட படத்தை எடுக்க வைக்க அலைந்த மாணவியோடு நானும் காவல் நிலையப் படி ஏறியிருக்கிறேன். ஒரு படத்தை எடுக்க வைக்க எத்தனை நாள் ஆகிறது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாட்டின் குழுமங்கள் அனைத்தையும் மூடத் தெரிந்த உலகத்துக்கு ஒரு பெண்ணின் படத்தை எடுக்கத் தெரிவதில்லை. ஆகவே என் கேள்வி நீக்கலாமா கூடாதா என்பதல்ல. எதை, யார் சொல்லி, எவ்வளவு, யாருக்குச் சொல்லிவிட்டு?

பிரிவு 66ஏ வரலாறு இதற்கு நல்ல பாடம். 2012 அக்டோபரில் சென்னையில் ஒரு பாடகி, தன்னை ட்விட்டரில் இழிவாக எழுதியவர்கள்மீது புகார் கொடுத்தார். கைதுகள் நடந்தன. பயன்பட்ட சட்டங்களில் 66ஏயும் ஒன்று. பெண்ணுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நாம் கொஞ்சம் மூச்சுவிட்ட அடுத்த மாதமே, மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். பால் தாக்கரே மரணத்துக்காக நகரம் முடங்கியதைப் பற்றி ஒருத்தி ஃபேஸ்புக்கில் எழுதினாள், மற்றவள் அதற்கு விருப்பம் தெரிவித்தாள். அதே 66ஏ. ஒரு மாத இடைவெளியில் ஒரே சட்டம் ஒரு பெண்ணுக்குக் குடையாகவும் இரண்டு பெண்களுக்குத் தடியாகவும் இருந்தது. அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர் ஷ்ரேயா சிங்கல், வழக்குப் போடும்போது இருபத்தொரு வயதுதான். பிறகு காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டுப் போராடியவர் பத்திரிகையாசிரியர் அனுராதா பாசின். முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். பேச்சுரிமை என்றால் ஆண் பத்திரிகையாளர்களின் விவகாரம் என்று நினைக்கும் மாணவிகளுக்கு இந்த இரண்டு பெயர்களை நான் தேர்வுக்கு வராவிட்டாலும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் அந்த 2015 தீர்ப்பு பக்கங்களை முடக்க அதிகாரம் தரும் 69ஏ பிரிவை அப்படியே விட்டுவிட்டது. அதற்கான 2009 விதிகளில், முடக்கக் கோரிக்கைகளும் புகார்களும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மூட வேண்டிய நிறுவனத்துக்கு உத்தரவு தெரியும், வாசகிக்குத் தெரியாது. அவளுக்கு இன்றும் லைன் பிரச்சினைதான். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் இணையத்தை நிறுத்தினார்கள். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் உண்டு. துக்கம் விசாரிக்கும் செய்திகூடப் போக வழியில்லை.

அரசு, நிறுவனம் என்று பெரிய பெயர்களையே சொல்லிக்கொண்டிருந்தால் நாம் தப்பித்துவிடுவோம். பெண்களைப் பொறுத்தவரை இணையச் சேவை நிறுவனம் கம்பத்தில் முடிவதில்லை. வீட்டுக்குள் வருகிறது. யார் ரீசார்ஜ் செய்கிறாரோ அவரும் ஒரு சேவை நிறுவனம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அண்ணன் மூன்று மாதத்துக்குப் போட்டுக்கொள்வான், தங்கைக்குத் தேர்வு சமயத்தில் மட்டும். பெருந்தொற்றுக் காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இணைய வகுப்புக்காகச் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறிப் போக வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டாள். சிக்னல் போய்விட்டதா என்று கேட்டேன். "சிக்னல் இருக்குதும்மா. பாறைக்குத் தனியாப் போகக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள்.

கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி இந்தச் சின்ன அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி. மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று பெண்கள் விடுதியில் விதி. காரணம் படிப்பு, ஒழுக்கம், பாதுகாப்பு. அவர் மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இந்தத் தீர்ப்பைச் சக பேராசிரியர்களிடம் காட்டியபோது ஒருவர் சொன்னது: "பொண்ணுங்க நல்லதுக்குத்தான சொல்றாங்க?" சொன்னவர் பெண். விடுதிக் காப்பாளராக இருந்தவர். வெரைசான் நிறுவனத்தின் அறிக்கையும் இதே வாக்கியம்தான், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில். ஒருத்தி தப்பான ஆளோடு பேசுகிறாள் என்ற சந்தேகத்துக்கு இருநூறு பேரின் போனை வாங்கி அலமாரியில் பூட்டுவது, 88க்கு ஆயிரக்கணக்கானதை மூடுவதைவிட எந்த வகையிலும் வேறல்ல.

வெரைசான் என்றதும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2017இல் யாஹூவை வாங்கியது அந்த நிறுவனம்தான். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய மடல்கள், படங்கள், கோப்புகள் எல்லாம் அழிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே முடிந்தது. தணிக்கை என்று அதை யாரும் சொல்லவில்லை, லாபமில்லாத கடையை மூடினார்கள், அவ்வளவுதான். தமிழில் தணிக்கை என்ற சொல்லுக்குக் கணக்குப் பார்ப்பது என்றும் பொருள் இருப்பது இந்த இடத்தில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சில குழுமங்களின் மடல்களை ஆர்வலர்கள் சேமித்து வைத்திருக்கிறார்கள். அவற்றிலும் பழைய திஸ்கி எழுத்துருவில் இருப்பவை இன்றைய திரையில் புள்ளியும் கேள்விக்குறியுமாகத் தெரிகின்றன. நான் வேறு பெயரில் எழுதியவை எங்கே போயின என்று தேடவில்லை. தேடினாலும் அவை என்னுடையவை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு முதுகலை மாணவி வந்தாள். ஆய்வுக்காகப் படிக்கும் ஓர் ஈழத்துப் பெண்கவிஞரின் தளம் இரண்டு நாளாகத் திறக்கவில்லை. "நெட் ஸ்லோன்னு நினைக்கிறேன்மா" என்றாள். இருக்கலாம். தளத்துக்குப் பணம் கட்டாமல் விட்டிருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். என் போனில் திறந்து பார்த்தோம், வேறு நிறுவனத்தின் இணைப்பு. திறந்தது. அவளுடையதில் மறுபடி முயன்றோம். திறக்கவில்லை. தேதி, நேரம், எந்த இணைப்பு, திரையில் வந்த வாசகம், இவற்றை எழுதி வைத்துக்கொள் என்றேன். ஏன்மா என்று கேட்டாள். உன் மேல் தப்பில்லை என்று உனக்கே தெரிவதற்கு என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தன் பெயரையும் மேலே போட்டு எழுத ஆரம்பித்தாள்.